தெருவிளக்கைக் கழற்றிப் பார்த்தல்

வெளிச்சத்தை முன்னேற்றத்தோடும் இருட்டைப் பின்தங்கிய நிலையோடும் முடிச்சுப்போட்டுப் பேசுவது நமக்குக் கைவந்த பழக்கம். ஆட்சிக்கு வருகிறவர்கள் ‘விளக்கேற்றி வைத்தோம்’ என்பார்கள். அவர்களே எதிர்க்கட்சியாகிவிட்டால் ‘நாடே இருண்டு கிடக்கிறது’ என்பார்கள். மதக்காரர்கள், சீர்திருத்தக்காரர்கள், இடதுசாரிகள் என்று யாரும் இந்த உருவகத்திடமிருந்து தப்பவில்லை. உருவகம் கிடக்கட்டும். வெளிச்சம் ஒரு பொருளும்கூட. அதற்குக் கம்பம் வேண்டும், கம்பி வேண்டும், விளக்கைத் தாங்கும் வளைகுழாய் வேண்டும், அந்தக் குழாயைக் கம்பத்தோடு இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பு வேண்டும், நாலு போல்ட்டு நட்டு வேண்டும். இந்தப் போல்ட்டு நட்டுகளுக்கு யாரும் வரலாறு எழுதுவதில்லை. எழுதினால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய தெருவிளக்குகளைச் சேகரிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. கழற்றிப் போடப்பட்ட விளக்குகளை வாங்கிவந்து, துடைத்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, எந்தக் கம்பெனி, எந்த வருஷத்து வார்ப்பு, எந்த அளவுக் குழாயில் மாட்டியது என்று குறித்துவைக்கிறார்கள். நம்மூரில் இந்த வேலையைச் செய்வது காயலாங்கடை. ஒரே வித்தியாசம், காயலாங்கடையில் எதுவும் தங்காது. சில ஆண்டுகளாகத் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை சாலையோரத்துக் காயலாங்கடைகளில் நான் தெருவிளக்கு பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது தேவையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சுவடி தேடி அலைந்தவர்களைப் போற்றுகிற மொழிதானே இது. கரையான் அரிக்கிற ஏட்டுக்கும் துருப்பிடிக்கிற கிளாம்புக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

கும்மிடிப்பூண்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் தொழில் வளாகங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக இழுக்கிற ஆலைகள் வளாகத்திலும் சுற்றிலும் நிறைய. தெருவிலிருந்து கழற்றப்பட்ட கம்பமும் குழாயும் கிளாம்பும் கடைசியாகப் போய்ச் சேருகிற இடங்களில் அதுவும் ஒன்று. சுமார் 1600 டிகிரி சூட்டில் எல்லாம் ஒரே குழம்பாகிவிடும். ஆவணக் காப்பகத்துக்கு நேர் எதிரான ஒன்று உண்டென்றால் அது உருக்காலைதான்.

தெருவிளக்கை அதிகாரத்தோடு சேர்த்துப் பார்ப்பது புதிய விஷயமில்லை. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் வோல்ஃப்கேங் ஷிவல்புஷ், செயற்கை வெளிச்சத்தின் வரலாறு பற்றி 1983-இல் ஒரு புத்தகமே எழுதினார். பாரீசில் தெருவிளக்கை முறைப்படுத்தியது போலீஸ். 1667-இல் லா ரேனி அந்நகரத்தின் முதல் போலீஸ் தலைமை அதிகாரியாகிறார். அதே ஆண்டில் தெருக்களில் லாந்தர்கள் தொங்கவிடப்படுகின்றன. மன்னனின் கண் அது என்பது மக்களுக்கும் தெரிந்திருந்தது. 1789-இல் வெறுக்கப்பட்ட அதிகாரிகளை அந்த லாந்தர்க் கம்பத்திலேயே தூக்கில் போட்டார்கள். 1830 ஜூலையில் விளக்குகளை வரிசையாக உடைத்துவிட்டுத்தான் தெருவைக் கைப்பற்றினார்கள். நம் பக்கம் வந்தால், கல்கத்தாவில் வாயு விளக்கு ஏற்றப்பட்டது 1857-இல். சிப்பாய்கள் எழுந்த அதே ஆண்டு.

இதை வைத்துக்கொண்டு, ‘தெருவிளக்கு என்பது கண்காணிப்பு’ என்று ஃபூக்கோவை மேற்கோள் காட்டிவிட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம். தொண்ணூறுகளில் நாம் அப்படி நிறைய முடித்திருக்கிறோம். ஆனால் பாரீசுக்குப் பொருந்துகிற சட்டை நம்மூர்க்காரனுக்குத் தோளில் இடிக்கிறது. இங்கே அதிகாரம் விளக்கு வைத்து ஆண்டதைவிட, விளக்கு வைக்காமல் ஆண்டதே அதிகம். யாரை உற்றுப் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு முன்னால், யாரைப் பார்க்கவே வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள் என்ற கேள்வி இருக்கிறது. கண்காணிக்கப்படுவதற்குக்கூடத் தகுதியற்றது என்று இருட்டில் விடப்பட்ட பகுதிக்கு நம்மிடம் ஒரு பெயர் உண்டு: சேரி.

‘தெரு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற ஒரு கதை: ஏழை வீட்டில் 1832-இல் பிறந்த முத்துசாமி என்ற சிறுவன், சென்னைக்கு வந்து தெருவிளக்கின் அடியில் உட்கார்ந்து படித்துச் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானான் என்பது. திருவாரூர் முத்துசாமி ஐயரின் இந்தக் கதை நடந்ததா, பின்னால் சேர்க்கப்பட்டதா என்பது இங்கே பிரச்சினையில்லை. நடந்திருந்தால் அது மண்ணெண்ணெய் பரவலாவதற்கு முன், தாவர எண்ணெய் எரிந்த காலம். அந்த மங்கலில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்த உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கதை எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். விளக்கின் அடியில் உட்கார வேண்டுமென்றால், முதலில் விளக்கு இருக்கிற தெருவுக்குள் நுழைய வேண்டும். ராத்திரியில் அங்கே உட்கார்ந்திருந்தால் ‘யார்றா அது?’ என்று யாரும் விரட்டாதிருக்க வேண்டும். பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் பொது என்று சொல்வதற்கு 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக வைக்கத்தில் போராட்டம் தொடங்கியதும் அதே 1924-இல்தான். ‘தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வா’ என்ற அறிவுரை, தெரு ஏற்கெனவே சொந்தமாக இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது.

மின்சாரம் வந்து இதை மாற்றியதா? சென்னையில் மின்சார டிராம் 1895-இல் ஓடத் தொடங்கிவிட்டது. சிவசமுத்திரத்தின் நீர்மின்சாரம் 1902-இல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போய், 1905-இல் பெங்களூர்த் தெருக்களுக்கு வந்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சுரங்கம், பிறகு தெரு. சென்னை மாகாண அரசின் மின்துறை 1927-இல் அமைந்தது. 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர். சென்னை நகரத்துக்கு மின்சாரம் விற்ற தனியார் கம்பெனியை 1947-இல் அரசு எடுத்துக்கொண்டது. மின்வாரியம் பிறந்தது 1957-இல். அதற்குப் பிறகு கிராமங்களுக்கு மின்சாரம் போன வேகத்தில் தமிழ்நாடு இந்தியாவிலேயே முன்வரிசையில் நின்றது. இது பொய்யில்லை. ஆனால் ‘கிராமத்துக்குப் போனது’ என்றால் கிராமத்தில் எங்கே?

இந்த இடத்தில்தான் கிளாம்பு பேசுகிறது.

என்னிடம் இருப்பவற்றில் பழசு, எனாமல் தட்டு வைத்த ஒரு விளக்கு. தாம்பாளத்தைக் கவிழ்த்தது மாதிரி இரும்புத் தட்டு. வெளியே பச்சை எனாமல், உள்ளே வெள்ளை எனாமல். மேலே போகிற வெளிச்சத்தை அந்த வெள்ளைப் பூச்சுதான் கீழே திருப்பிவிடும். நடுவில் பீங்கான் ஹோல்டர், அதில் குண்டு பல்பு. அவ்வளவுதான் அதன் உடம்பு. அடுத்தது பாதரச விளக்கு, நம்மூர்ப் பேச்சில் மெர்குரி லைட். பாலகுமாரனின் ‘மெர்க்குரிப் பூக்கள்’ தலைப்பில் இருப்பது அந்த வெளிச்சம்தான். அலுமினிய மூடியைத் திறந்தால் கையை இழுக்கிற கனத்தில் ஒரு சோக்கு: மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செம்புக் கம்பி சுற்றியது. பக்கத்தில் கண்டென்சர். பல்புக்குள்ளே குவார்ட்ஸ் குழல், குழலுக்குள் ஒரு சொட்டுப் பாதரசம். சுவிட்சைப் போட்டதும் முழுசாக எரியாது. நாலைந்து நிமிஷம் சூடேற வேண்டும். கரண்டு போய்த் திரும்ப வந்தாலும் ஆறிய பிறகுதான் எரியும். மூன்றாவது சோடியம் விளக்கு. அதில் சோக்கோடு இக்னைட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். எரியத் தொடங்குகிற கணத்தில் சில ஆயிரம் வோல்ட் துடிப்பைக் கொடுத்துக் குழலை எழுப்பிவிடுவது அதன் வேலை. எழுந்தபின் எல்லாம் ஒரே ஆரஞ்சு. அந்த வெளிச்சத்தில் நிறங்கள் செத்துவிடும். ராத்திரிக் கூட்டத்தில் கட்டிய நீலக்கொடி கறுப்பாகத் தெரிந்ததைப் பார்த்தவர்கள் நம்மிடையே பலர்.

(கழற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய கண்டென்சரை உடைக்காதீர்கள். 1970-கள் வரை அவற்றில் பிசிபி என்ற நச்சு எண்ணெயை ஊற்றிவந்தார்கள்.)

இந்த உள்ளுறுப்புகளையெல்லாம் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டிருந்தபோது, பல ஊராட்சிகளுக்குத் தெருவிளக்கு வேலை பார்த்து இப்போது வயதாகி வீட்டில் இருக்கிற ஒரு ஒயர்மேன் சொன்னார்: “இன்னா தம்பி, பல்பையும் சோக்கையும் நோண்டினு கீறே? அது எங்க போனாலும் ஒண்ணுதான். கிளாம்ப பாரு. அது சொல்லும் எந்தத் தெருன்னு.”

அவர் சொன்னது சரியான வரலாற்று முறையியல். விளக்கு எங்கு வேண்டுமானாலும் மாறும், கிளாம்பு மாறாது. அது ஒரு குறிப்பிட்ட கம்பத்தின் உடம்புக்கு அளவெடுத்து வளைத்தது. வட்டக் கிளாம்பு என்றால் இரும்புக்குழல் கம்பம், பெரும்பாலும் நகரத்து மெயின் ரோடு. தண்டவாளத்தின் விளிம்பைக் கவ்வுகிற கிளாம்பு என்றால், பழைய ரயில் தண்டவாளத்தை நட்டுக் கம்பமாக்கிய தெரு. சதுரக் கிளாம்பு என்றால் சிமெண்டுக் கம்பம், ஊராட்சித் தெரு. துருவின் அடையாளத்தை வைத்து எத்தனை முறை கழற்றி மாட்டினார்கள் என்பதுகூடத் தெரியும். நான் சேர்த்ததையெல்லாம் இப்படிப் பிரித்து வைத்தேன். மெயின் ரோடு இருந்தது, கடைத்தெரு இருந்தது, ஊர்த்தெரு இருந்தது. காலனியிலிருந்து வந்த கிளாம்பு ஒன்றுகூட இல்லை.

“காலனி கிளாம்பு எங்கே?” என்று கேட்டேன். சிரித்தார். “கிளாம்பு ஏது? ஊர்த்தெருவுக்கு பிராக்கெட் வரும், தட்டு வரும். மிச்சத்த வச்சு காலனிக்கு ஒரு ஹோல்டரு, ஒரு குண்டு பல்பு, கட்டுக்கம்பி. மழ பேஞ்சா பல்பு வெடிச்சிடும். அப்புறம் யாரு மாட்றது?”

இவர் ஒருவர் சொன்னதை வைத்து எல்லா ஊருக்கும் தீர்ப்பெழுத முடியாதுதான். ஆனால் சேகரிப்பு என்ற செயலுக்குள்ளேயே இருக்கிற ஒரு பாரபட்சத்தை அவர் காட்டிவிட்டார். கனமான வார்ப்பு மிஞ்சும், கம்பெனிப் பெயர் பொறித்த பொருள் மிஞ்சும். கட்டுக்கம்பியில் தொங்கிய ஹோல்டர் மிஞ்சாது. சேகரிப்பாளன் நேர்மையானவனாக இருந்தாலும் அவன் அலமாரி சாதி பார்க்கும். இலக்கிய வரலாற்றில் நாம் எந்த ஏடு தப்பியதோ அதை வைத்துக்கொண்டு ‘தமிழர் வாழ்வு’ என்று எழுதியது இதேபோலத்தான்.

இனிக் கம்பிக்கு வருவோம். கம்பத்தில் அண்ணாந்து பார்த்தால் ஐந்து கம்பி ஓடுவதைப் பார்க்கலாம். மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஐந்தாவது தெருவிளக்குக்கென்றே தனியாக இழுத்தது. கம்பமும் கம்பியும் வாரியத்துடையவை, விளக்கெரிகிற காசு உள்ளாட்சியுடையது. ஊர் முடிகிற இடத்தில் பல ஊர்களில் ஐந்து கம்பி இரண்டாகச் சுருங்கிவிடும். அந்த இரண்டு கம்பிதான் வயலைத் தாண்டிக் காலனிக்குப் போகும். மெல்லிய கம்பி, நீளமான தூரம், கடைக்கோடி இணைப்பு. போகப்போக மின்னழுத்தம் இறங்கும். குண்டு பல்பின் குணம் என்னவென்றால், 10 விழுக்காடு வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 விழுக்காடு குறையும். 20 விழுக்காடு குறைந்தால் பாதிக்கு மேல் போய்விடும். டியூப் லைட் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. ‘லைட்டு இருக்குது, வெளிச்சம்தான் இல்லை’ என்று காலனிக்காரர்கள் சொன்னது நகைச்சுவையில்லை, இயற்பியல்.

பொறியாளரிடம் கேட்டால், ‘இதில் சாதி எங்கே வந்தது? நீளமான கம்பியில் தடை அதிகம், அவ்வளவுதான்’ என்பார். அவர் சொல்வதும் உண்மையே. ஆனால் கம்பி ஏன் நீளமாயிற்று? ஊருக்கும் சேரிக்கும் நடுவில் அந்த வயலை வைத்தது யார்? டிரான்ஸ்பார்மர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தது யார்? தீண்டாமை விட்ட இடைவெளியை ஓம் கணக்கில் அளந்துவிடலாம். சாதி தன் வேலையைக் கம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நடுநிலையாக நின்றுகொள்கிறது. நவீனத் தொழில்நுட்பம் சாதியை ஒழிக்கும் என்று நம்பியவர்களும், நவீனத்தை மொத்தமாக எதிரி என்று சொன்னவர்களும் கவனிக்கத் தவறியது இந்த ஒப்படைப்பைத்தான்.

கம்பத்தில் நடந்தது காகிதத்திலும் நடந்தது. ‘மின்மயமான கிராமம்’ என்பதற்கு இந்திய அரசு வைத்திருந்த இலக்கணம் ஒரு சுவையான பிரதி. 1997 அக்டோபர் வரை, ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அந்தக் கிராமம் மின்மயமானது. வயலில் ஒரு பண்ணையாரின் பம்பு செட்டு ஓடினால் கணக்கு முடிந்தது. 1997-இல், மக்கள் குடியிருக்கிற பகுதியில் பயன்பட வேண்டும் என்று திருத்தினார்கள். 2004-இல்தான், டிரான்ஸ்பார்மரும் மின்கம்பிகளும் குடியிருப்பில் மட்டுமல்லாமல் ‘தலித் பஸ்தி’ இருந்தால் அங்கேயும் இருக்க வேண்டும், பள்ளி போன்ற பொது இடங்களுக்கு இணைப்பு வேண்டும், 10 விழுக்காடு வீடுகளிலாவது மின்சாரம் இருக்க வேண்டும் என்று இலக்கணம் மாறியது. அதாவது சுதந்திரம் வந்து 57 வருஷம் கழித்து, கிராமம் என்பதற்குள் சேரியும் சேர்த்தி என்று மின்சாரக் கணக்கு ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பு சேரியே கணக்கில் இல்லை என்று சொல்ல முடியாது. காலனிகளுக்குத் தனிப் பத்தி போட்டு எண்ணினார்கள். குடியிருப்பைப் போலவே கணக்கையும் தள்ளி வைத்தார்கள். திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் உருவானது; அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள் அதற்குச் சற்று முன்பு ஓடத் தொடங்கியவை. மின்சாரம் செய்கிற மாவட்டம். ஐந்தில் ஒருவருக்கு மேல் தலித்துகளாக இருக்கிற மாவட்டமும் அதுவே.

இப்போது உருக்காலைக்குத் திரும்பலாம். காயலாங்கடையில் ஒரு தெருவிளக்கை உடைக்க ஐந்து நிமிஷம் போதும். செம்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம். விலையில்லாதது பல்பு மட்டும்தான். அதை மூலையில் எறிந்து உடைப்பார்கள். ஒவ்வொரு பாதரச பல்பிலும் சில பத்து மில்லிகிராம் பாதரசம் இருக்கும். அது மண்ணுக்கும் காற்றுக்கும் உடைக்கிறவரின் மூச்சுக்கும் போகும். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு 2001-இல் கண்டுபிடிக்கப்பட்டது ஒரு காயலாங்கடையில்தான் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பாதரச விளக்குகள் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வந்தது 2016-இல். பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. விதிகள் காயலாங்கடையின் பின்பக்கத்துக்கு இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கின்றன. அங்கே பல்பு உடைக்கிற கைகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த கைகளும் உண்டு. யாருடைய தெருவுக்கோ எரிந்த விளக்கின் கடைசி நஞ்சு, அந்தத் தெருவில் என்றைக்கும் நடக்காதவர்களுக்கு.

மத்திய அரசு 2015-இல் எல்இடி தெருவிளக்குத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து பழைய விளக்குகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. எல்இடியைத் திட்டுவது என் நோக்கமில்லை. அதற்குள் இருக்கிற டிரைவர் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வெளிச்சத்தைக் கொடுக்கிறது. கடைக்கோடிக் காலனியில் முதன்முறையாக ஊரில் எரிகிற அதே வெளிச்சம் எரிய முடியும். அம்பேத்கர் சிலைக்கு அருகே ராத்திரியில் பிள்ளைகள் கேரம் ஆடுவதை நானே பார்க்கிறேன். இது சின்ன விஷயமில்லை. அதே சமயம், தகராறு நடந்த இடங்களில் உயர்கோபுர விளக்கும் கேமராவும் சேர்ந்தே வருகின்றன. இத்தனை காலம் பார்க்கப்படாதவர்கள், வெளிச்சம் கிடைத்த அன்றைக்கே கண்காணிப்புக்குள்ளும் வந்துவிடுகிறார்கள். ஃபூக்கோ இங்கே தாமதமாக வந்து சேருகிறார்.

இன்னொன்றும் நடக்கிறது. அநியாயத்தின் தடயம் அழிகிறது. மங்கிய பல்பு இருந்தவரை அது ஒரு சாட்சி. எல்லாக் கம்பத்திலும் ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டி தொங்கும்போது, ‘என்றைக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று சொல்லிவிடுவது சுலபம். கழற்றிய பழசு ஒரு மாதத்துக்குள் கட்டடக் கம்பியாகிவிடும். அதனால்தான் அவசரம்.

நமக்கு அருங்காட்சியகம் வேண்டியதில்லை. இதை வாசிக்கிற ஒவ்வொருவரும் தன் ஊரில் செய்யக்கூடிய வேலை இது. ஊராட்சியின் தெருவிளக்குப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தத் தெருவுக்கு எந்த வருஷம் எத்தனை விளக்கு என்று பிரித்துப் பாருங்கள். கம்பம் ஏறிய கிழவர்களிடம் பேசி எழுதி வையுங்கள், அவர்களும் உருகிக்கொண்டிருக்கிறார்கள். கிளாம்பு கிடைத்தால் எடுத்து வையுங்கள், எந்தக் கம்பம் என்று எழுதி ஒட்டுங்கள். கட்டுக்கம்பியில் தொங்கிய ஹோல்டர் எங்காவது மிஞ்சியிருந்தால் அதை முதலில் எடுங்கள். வார்ப்பிரும்புக் கம்பத்தைவிட அது அரிது. கடைசியாக, ஒரு சாயங்காலம் ஊரின் கடைசிக் கம்பத்திலிருந்து காலனியின் முதல் கம்பம் வரை நடந்து, நடுவில் எத்தனை அடி இருட்டு என்று எண்ணி எழுதுங்கள். அந்த எண்ணிக்கை எந்த உலையிலும் உருகாது.